ஏகாம்பரத்துக்கு வைத்த குவாட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. உச்சி வெயிலில் சுடுகாட்டு வழியாக, கறிக்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகவே நடந்திருக்கிறேன். கறி வாசனைக்குப் பேய் பின்னாலேயே வரும் என்று பயமுறுத்தினார்கள், திரும்பிப் பார்த்தால் நாய்தான் வந்துகொண்டிருந்தது. சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எழுந்து போங்கள், உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பாரில் சமைக்கிறவள். இதைச் சொன்னதும் எல்லோருக்கும் முகம் ஒரு மாதிரி போகும், உங்களுக்கும் இப்போது போனது, பார்த்தேன். கல்யாணத்துக்குச் சமைத்தால் சமையல்காரம்மா, பாரில் சமைத்தால் அவள் ஒரு மாதிரி. குடல் குடல்தான், அடுப்பு அடுப்புதான். என் கையால் சுத்தம் செய்த குடலை வாங்கி நக்கித் தின்றுவிட்டு, வெளியே போய் என்னைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. பேசட்டும்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது அந்த பார். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, நான்கைந்து டேபிள், பின்பக்கம் என் அடுப்படி, அடுப்படிக்குப் பின்னால் நேராக நெல் வயல். எடுத்து நடத்துகிறவர் தணிகாசலம். என் பெயர் கன்னியம்மா. என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், நான் மத்தியானம் போனால் ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வருவேன்.

அந்த பாரில்தான் ஏகாம்பரம் அண்ணன் இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, ஆனால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் பல வருஷம் வேலை செய்து, சரக்கில் இதையும் அதையும் கலந்து கொடுக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர். பட்டிக்காட்டு பாரில் காக்டெயிலா என்று நீங்கள் சிரிக்கலாம், சனிக்கிழமை வந்து பார்த்திருந்தால் சிரித்திருக்கமாட்டீர்கள். பிராந்தியில் நன்னாரி ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, கோலி சோடா உடைத்து ஒன்று தருவார், குடித்தவன் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டான், அதற்கு ‘கல்வெட்டு’ என்று பெயர். எல்லா பாட்டிலிலும் மிச்சம் இருப்பதைக் கலந்து இன்னொன்று, அதில் யாருக்கு என்ன வாய்க்கும் என்று அவருக்கே தெரியாது, அதற்கு ‘குடவோலை’. எல்லாம் குடிக்கிறவர்களே வைத்த பெயர். தென்னேரி ஏரி மீனை நான் வறுத்து அனுப்புவேன், அவர் கலந்து அனுப்புவார், பெருநகர் என்கிற ஊரிலிருந்தெல்லாம் வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்த மனிதர் ஒரு சொட்டு குடிக்கமாட்டார். இதைத்தான் யாரும் நம்பவில்லை. நான் நம்பத் தேவையில்லை, பார்த்தவள். கூட்டம் குறைந்ததும் எலுமிச்சை ஜூஸ் போட்டு அவர் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவருவார். “அடுப்பாண்ட வெந்துக்கினு கீறியே, குடிம்மா” என்பார். அத்தனை வருஷமும் அவர் குடித்தது அது ஒன்றுதான்.

அவர் செத்ததும் பாரில் இல்லை. மத்தியானம் டிவிஎஸ் வண்டியில் வேலைக்கு வந்துகொண்டிருந்தவர் ஏரிக்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், தூக்குவதற்குள் போய்விட்டார். மாரடைப்பு என்று டாக்டர் சொல்லியும் ஊர் கேட்கவில்லை. பாரில் வேலை செய்தவன், வண்டியிலிருந்து விழுந்தான், வேறு என்னவாக இருக்கும், போதைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பேசிவிட்டுப் போகட்டும் என்று இதை விடமுடியவில்லை. அவர் மகள் அமுதாவுக்குப் பெருநகரில் மாப்பிள்ளை பார்த்து முக்கால்வாசி முடிந்திருந்தது. பையன் தங்கமான பையன், அவளுக்கும் பிடித்திருந்தது, ஃபோனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பக்கம் எல்லாவற்றையும் முடிவு செய்வது பையனின் தாய்மாமன். குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பதா என்று அவர் யோசிக்கிறார் என்று காதில் விழுந்தது. அந்தத் தாய்மாமனே குடிக்கிறவர், அது வேறு கதை. தன் வாயில் என்ன ஊற்றுகிறோம் என்று இந்த ஆம்பிளைகளுக்குக் கணக்கே கிடையாது, பெண்ணைப் பெற்றவன் வாயை மட்டும் மோந்து பார்ப்பார்கள்.

காரியத்தன்று அந்தத் தாய்மாமன், பெருநகர்க்காரர், துக்கம் கேட்கிற சாக்கில் வீட்டைப் பார்க்க வந்தார். நானும் காலையிலேயே போய் ஏகாம்பரம் அண்ணனின் மனைவி சரோஜா அண்ணிக்குச் சமைக்க ஒத்தாசை செய்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் படையல் போடும்போது செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் இலைக்கு முன்னால் வைப்பார்கள். பீடி பிடித்தவருக்கு பீடி, வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை. எல்லாம் வைத்து முடித்து கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில் ஏகாம்பரம் அண்ணனின் கூடப் பிறந்த அண்ணன் முனுசாமி, இடுப்பிலிருந்து ஒரு குவாட்டர் பிராந்தியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் நட்டு வைத்தார்.

சரோஜா அண்ணி பதறிப்போய், “இன்னா மாமா இது, அவரு குடிக்க மாட்டாரே” என்றது.

“நீ சும்மா கெட. பார்ல இருந்தவனுக்கு குவாட்டர் வெக்கலன்னா ஆத்மா அலையும். ஊரு இன்னா பேசும்?”

ஊர் என்ன பேசும் என்று அவர் கேட்டதைப் பாருங்கள். ஊர் பேசுகிற பொய்யை இவரே படையலில் வைத்து, அதற்குக் குங்குமப் பொட்டும் வைத்து, கற்பூரமும் காட்டினார். ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது அந்த மனிதருக்கு, தம்பி போன துக்கம்தான். ஆனால் வாசலில் நின்ற பெருநகர்க்காரர் அந்த பாட்டிலையே பார்த்தார். கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: “கல்யாணம்லாம் கொஞ்சம் ஆறப் போட்டுப் பாக்கலாம்.” அமுதா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. நான்தான் கொதித்துக்கொண்டு பாருக்குப் போனேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஏகாம்பரம் அண்ணன் இல்லாமல் தணிகாசலமே கல்வெட்டு கலந்து பார்க்கிறேன் என்று நன்னாரியை அண்டாவில் ஊற்றுகிற மாதிரி ஊற்றி, குடித்தவர்கள் எல்லாம் இது இருமல் மருந்து என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் பட்டாணி சுண்டலைத் தாளித்துவிட்டு குடலைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அப்போது முனுசாமியும் பெருநகர்க்காரரும் உள்ளே வந்து என் அடுப்படிக்குப் பக்கத்து டேபிளில் உட்கார்ந்தார்கள். முனுசாமி கையில் அதே குவாட்டர். குங்குமம்கூட அழியவில்லை.

படையலில் வைத்ததை வீட்டு ஆம்பிளைகள் பங்கு போட்டுக் குடிப்பது வழக்கம்தான். சம்பந்தம் பேச வந்தவரைச் சமாதானம் செய்ய அதையே கொண்டுவந்திருந்தார் முனுசாமி, கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா! மூடியை முறுக்கினார், சீல் டக்கென்று உடைந்தது, எனக்குக் கேட்டது. மூன்று கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிராந்தி நிறம், பிராந்தி வாசனை, நான் வாசனை பிடித்தே வருஷக்கணக்கில் வாழ்கிறவள். பாதி பாட்டில் அப்படியே இருந்தது. தண்ணீர் ஊற்றி, விரலை நனைத்து எல்லோரும் செய்கிற மாதிரி தரையில் தெளித்து, “ஏகாம்பரம், வாடா, இது ஒன்னுதுதான், எங்களோட சேந்து நீயும் குடி” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவது கிளாஸை ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னால் தள்ளி வைத்தார்.

எனக்குக் கரண்டியைத் தூக்கி அடிக்கலாம் போல வந்தது. செத்தும் அந்த மனிதர் வாயில் ஊற்றாமல் விடமாட்டார்களா?

முனுசாமி ஒரே மடக்காகக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இன்னாயா இது, சப்புன்னு கீது. சரக்கே இல்ல.”

பெருநகர்க்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “புளிக்கிது” என்றார்.

தணிகாசலத்தைக் கூப்பிட்டு டூப்ளிகேட் சரக்கா விற்கிறாய் என்று சண்டை. அவர் பாட்டிலை மோந்து பார்த்து, “வாசன நல்லாத்தான வருது, படையல்ல வெச்ச பாட்டில ஏங்கிட்ட ஏன் கேக்கற” என்று கையை விரித்தார். உடனே முனுசாமிக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

“சரோஜாதான். வெக்காத வெக்காதன்னு சொன்னாளே, பாட்ல அவதான் மாத்தி வெச்சிட்டா.”

அதற்கு மேல் நான் அடுப்படியில் நிற்கவில்லை. குடல் தட்டோடு வெளியே போய் டேபிளில் டங்கென்று வைத்தேன்.

“ஏண்ணா, சீல ஒடச்சது யாரு, நீயா அண்ணியா? குடிக்காத மனுசனுக்கு குவாட்டர் வெச்சது நீ. அத்த பாத்துட்டுத்தான் இவுரு கல்யாணம் வோணாம்னு கெளம்பறாரு. ஒந்தம்பி பொண்ணு வாழ்க்கைய நீயே கெடுத்துட்டு இப்ப அண்ணி மேல பழி போடறியா?”

பார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முனுசாமிக்கு அவமானம் தாங்கவில்லை. ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னால் இருந்த கிளாஸை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“அவன் குடிக்கலன்னு நீ கண்டியா? எங்க ரெண்டு பேருக்கும் வாய் செத்துப்போச்சி. நீ குடிச்சிட்டு சரக்கா இல்லியான்னு சொல்லு. சரக்குன்னா அவனும் குடிகாரன், நீயும் குடிகாரி.”

குடித்தால் நாளைக்கு ஊர் என்னை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? குடிக்காமல் உள்ளே போனால் அமுதாவின் கதை அதோடு முடிந்தது. கோபம், வேறு ஒன்றுமில்லை, தைரியம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். பிடுங்கி வாயில் வைத்தேன்.

மூக்குக்கு பிராந்தி நாற்றம் குப்பென்று வந்தது. வாய்க்குள் போனது பிராந்தி இல்லை. பிராந்தி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பீர்கள், சரி, ஆனால் இது என்னவென்று எனக்குத் தெரியும். எலுமிச்சை, தட்டிப் போட்ட இஞ்சி, கீறிப் போட்டு உடனே எடுத்துவிடுகிற பச்சை மிளகாயின் காரம் தொண்டைக்குப் போன பிறகு மெதுவாக எட்டிப் பார்க்கும், புதினாவில் அண்ணன் இலை போடமாட்டார், காம்பை மட்டும் கசக்கிப் போடுவார். கிளாஸ் அடுப்பில் காய்ந்த என் கைக்கு ஜில்லென்று இருந்தது. ஐஸ் போடவே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு கிளாஸைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்று மட்டும் இடித்தது. அண்ணன் எனக்குத் தருகிற டம்ளரில் உப்பு தூக்கலாக இருக்கும், அடுப்படியில் வேர்த்து வேர்த்து உடம்பில் உப்பே இல்லை என்று சொல்லிக் கூடப் போடுவார். இதில் உப்பே இல்லை.

“இது எங்கண்ணன் போடற எலுமிச்ச ஜூஸு” என்றேன். “உப்பு போட மறந்துடுச்சி, அவ்ளோதான்.”

யாரோ சிரித்தார்கள். பெருநகர்க்காரர் சிரிக்கவில்லை. நான் உள்ளே போய் கல்லில் மீனைப் போட்டேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறை பிராந்தியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்த பெண் என்ன ஆவாள் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஆம்பிளைகளே அதைக் குடித்துவிட்டு எங்கள் வரப்பில் விழுந்து கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன். நான் ஒரு மீனைக்கூடக் கருகவிடவில்லை.

பாட்டிலில் இருந்த மிச்சத்தைப் பக்கத்து டேபிள் டிராக்டர்காரர், வீணாகப் போகிறதே என்று வாங்கி ஊற்றிக்கொண்டார். நல்ல சரக்குதான் என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரே பாட்டில்தான். பெயர் சொல்லித் தெளித்துக் கூப்பிட்ட அந்த மூன்று கிளாஸில்தான் அது சரக்காக இல்லை.

கிளம்பும்போது பெருநகர்க்காரர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அந்தக் கண்ணில் பயமும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

“எம்மா, சீல ஒடச்சத நானும் பாத்தேன்” என்றார். “பொண்ணு வூட்ல சொல்லிடு, வெள்ளிக்கெயம தட்டு மாத்த வர்றோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரைக்கும் கேட்டுவிட்டு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தணிகாசலம் டூப்ளிகேட் என்றார். முனுசாமி வாய்க்கசப்பு என்றார். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, வண்டி ஓட்டுகிறவர் பெரிய டாக்டர் மாதிரி, “அந்த ஆள நெனச்சிக்கினே இருந்த, அதான் அந்த ருசி வந்த மாரி இருந்திச்சி, எல்லாம் மனசுதான்” என்றார். நானும் சரி, மனசுதான் போல என்று விட்டுவிட்டேன். சொன்னேனே, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க, சரோஜா அண்ணி வீட்டுப் பின்பக்கம் நான் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல பகல், வாசலில் பெருநகர்க்காரரின் சத்தம்தான் எல்லோருக்கும் மேல் கேட்டது. அண்ணன் செய்கிற மாதிரியே இஞ்சி தட்டி, மிளகாய் கீறி, புதினாக் காம்பைக் கசக்கி எல்லாம் போட்டுவிட்டு உப்பு டப்பாவைத் திறந்தேன். பட்டுப் புடவையோடு வந்து நின்ற அமுதா என் கையைப் பிடித்தாள்.

“அத்த, எனக்கு ஒரு டம்ளர் தனியா எடுத்து வெச்சிட்டு அப்பால போடு. சின்னதுல இருந்து எனக்கு உப்பு போட்டா கொமட்டும். அப்பா எனக்கு மட்டும் உப்பு இல்லாமத்தான் போட்டுத் தரும்.”

எனக்கு டப்பா கையிலேயே நின்றது. “எப்ப போட்டுத் தருவாரு?” என்று கேட்டேன்.

“தெனம் காலைல. பார்லேர்ந்து வந்து தூங்கி எய்ந்ததும் மொத வேல அதான்.”

இப்போது சொல்லுங்கள். மனசுதான் என்றால் என் மனசுக்குத் தெரிந்தது உப்புப் போட்ட ஜூஸ். நானே நினைத்து நானே ருசித்தேன் என்றால் அதில் உப்பு இருந்திருக்கவேண்டும். அமுதாவின் டம்ளரை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை, ருசித்ததில்லை, அப்படி ஒன்று இருப்பதே அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. உப்பு இல்லை என்று நான் சொன்னது ஒரு பார் முழுக்கக் கேட்டது, போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, பெருநகரில் நன்றாக இருக்கிறாள். எல்லோருக்கும் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்கிறவள் நான், அவளிடம் மட்டும் இதை இன்னும் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வரும், நின்றுவிடும். அன்றைக்கு அந்த டேபிளில் இருந்தது எனக்காகப் போட்டது இல்லை. அந்த மனிதர் கடைசியாக ஒரு டம்ளர் போட்டது தன் பெண்ணுக்கு. அதை அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நின்று, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துத் தீர்த்தவள் நான்.